மாஞ்செஸ்டர் வியாபாரியின் உஷ்ணக் கணக்கு

நமது கடைகளில் அடுக்கியிருக்கும் பிஸ்கட் பொட்டலத்தையோ பால் டின்னையோ புரட்டிப் பார்த்தால், பின்புறத்தில் சிறு எழுத்தில் ஓர் அட்டவணை அச்சிட்டிருக்கும். கலோரி என்பதற்குப் பக்கத்திலேயே கே, ஜே என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் காணப்படும். முதல் எழுத்து ஆயிரத்தைக் குறிப்பது. இரண்டாவது எழுத்து ஒரு மனிதரின் பெயர். நாள்தோறும் நாம் கைமாற்றி விற்கும் சரக்கின் மேலெல்லாம் அப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தும், அவர் யார் என்று கேட்பவர் நம்மில் அரிது. அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர். எந்தக் கல்லூரியிலும் சம்பளத்துக்குப் பாடம் சொன்னவருமல்லர். தொழில் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. ஆதலால் அன்னாரின் வரலாற்றைச் சற்று விரிவாகவே நமது வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, இங்கிலாந்தில் மாஞ்செஸ்டரை ஒட்டிய சால்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். மாஞ்செஸ்டர் என்றதும் நம்மவருக்குத் துணிதான் ஞாபகம் வரும். ஆனால் இவருடைய தகப்பனாரின் தொழில் துணியன்று; பீர் காய்ச்சுவது. அது நமக்கு விலக்கப்பட்ட வியாபாரம். அதை மறைத்துச் சொல்லவும் நாம் விரும்பவில்லை, மெச்சிச் சொல்லவும் இல்லை. எனினும் அத்தொழிலில் ஒரு விசேஷம் உண்டு; அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வரும் கதை விளங்காது. ஊறவைத்த பார்லியைக் காய்ச்சும்போது சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கொப்பரை முழுவதும் கெட்டுப் போகும். ஆகவே அந்தத் தொழிற்சாலையில் உஷ்ணமானி என்பது நமது கடையில் தராசு இருப்பதைப் போன்றது. சிறுவயது முதலே ஜூலின் கண் அந்தப் பாதரசக் கோட்டைப் பார்த்துப் பழகிவிட்டது.

முதுகெலும்பில் பலவீனமுள்ள பிள்ளையாதலால் ஜேம்ஸ் வீட்டிலேயே படித்தார். 1834-ம் ஆண்டில் தகப்பனார் அவரையும் அவருடைய தமையன் பெஞ்சமினையும் ஜான் டால்டன் என்ற பெரியவரிடம் அனுப்பினார். அணுக்களைப் பற்றிய கொள்கையால் உலகெங்கும் பெயர் பெற்றிருந்த அந்த டால்டன்தான். அத்தனை புகழிருந்தும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே பிழைத்து வந்தவர். அவர் வந்த பிள்ளைகளுக்கு உடனே அதிசயங்களைக் காட்டிவிடவில்லை. எண் கணிதமும் கேத்திர கணிதமும் என்று அடிப்படையையே திரும்பத் திரும்பப் போட வைத்தார். ரசாயனத்தைத் தொடங்கிச் சிறிது தூரம் செல்வதற்குள் 1837-ல் டால்டனுக்குப் பாரிச வாயு கண்டுவிட்டது, படிப்பு நின்றது. ஜூலுக்கு வாய்த்த பெரிய கல்வி ஏறக்குறைய அவ்வளவே.

பகலெல்லாம் தொழிற்சாலை, கிடைத்த நேரத்தில் வீட்டில் பரிசோதனை. அந்தக் காலத்தில் பாட்டரி மின்சாரத்தால் ஓடும் மோட்டார் புதிதாகத் தோன்றியிருந்தது. இனி நிலக்கரியே வேண்டாம், செலவில்லாமல் எத்தனை பலம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பலரும் கனவு கண்டனர். இளைஞரான ஜூலும் கண்டார். 1838-ல், பத்தொன்பதாவது வயதில், தாம் செய்த மோட்டாரைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். தமது தொழிற்சாலையின் நீராவி யந்திரத்துக்குப் பதிலாக இதை வைத்தால் கட்டுமா என்பதே அவர் கேள்வி. நமது வியாபாரி எவரும் புது யந்திரம் வாங்குமுன் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் பெரும்பாலோர் அதை விற்பவரிடம் கேட்டுத் திருப்தி அடைந்துவிடுவோம். ஜூல் தாமே அளந்து பார்த்தார்.

1841-ல் அவர் போட்ட கணக்கு இதுவாகும். பாட்டரியில் ஒரு ராத்தல் துத்தநாகம் கரைந்தால், சுமார் 3 லட்சத்து 31 ஆயிரம் ராத்தல் பாரத்தை ஓர் அடி உயரம் தூக்கும் வேலை கிடைக்கிறது. நல்ல கார்ன்வால் நீராவி யந்திரத்தில் ஒரு ராத்தல் நிலக்கரி எரிந்தால் 15 லட்சம் ராத்தலை ஓர் அடி தூக்கலாம். துத்தநாகமோ நிலக்கரியை விடப் பன்மடங்கு விலை. ஆகவே மோட்டார் கட்டாது என்று அவரே எழுதிவிட்டார். தாம் ஆசைப்பட்ட பொருளுக்கு எதிராகத் தாமே தீர்ப்புச் சொல்ல 22 வயதில் மனம் வருவது எளிதன்று. வேறொருவராயிருந்தால் பேரேட்டை மூடிவிட்டுத் தொழிலைப் பார்க்கப் போயிருப்பார்.

ஜூலை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறதே, அந்த உஷ்ணம் எங்கிருந்து வருகிறது? 1840-லேயே அதை அளந்து ஒரு விதி கண்டிருந்தார். கம்பியில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் உஷ்ணம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒரே பிளக்கில் ஐஸ் பெட்டி, மின்விசிறி, அடுப்பு என்று சொருகிவைத்துக் கடையைத் தீக்கிரையாக்குகிறவர்கள் அறியாமல் போகும் கணக்கும் இதுவே. லண்டனில் உள்ள ராயல் சங்கத்துக்கு இதை எழுதி அனுப்பினார். அறிஞர்களின் தலைமைச் சபையாகிய அச்சங்கம் சுருக்கத்தை மட்டும் சில வரிகளில் வெளியிட்டுவிட்டு, முழுக்கட்டுரையைப் பெரிய ஏட்டில் போட மறுத்துவிட்டது.

அக்காலத்துப் பெரியோர் பலர் உஷ்ணத்தைப் பற்றி என்ன எண்ணியிருந்தனர் என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். உஷ்ணம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய திரவம். புதிதாக உண்டாவதுமில்லை, அழிவதுமில்லை, சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு ஓடுவது மட்டுமே அதன் குணம் என்று நம்பினர். ஆலைச் சக்கரத்தின் மேல் விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஒரு சொட்டும் குறையாமல் கீழே ஓடிவிடுகிறதன்றோ? நீராவி யந்திரத்தில் உஷ்ணமும் அவ்வாறே வேலை செய்துவிட்டுக் குறைவின்றி வெளியேறுகிறது என்றனர். 1798-ல் ரம்போர்டு பிரபு என்பவர் மியூனிக் நகரில் பீரங்கி குடையும்போது, குடையக் குடையச் சூடு வந்துகொண்டே இருக்கிறதே, இது திரவமாயின் என்றோ தீர்ந்திருக்க வேண்டாமா என்று கேட்டதுண்டு. கேள்வி நின்றது, பழைய கொள்கையும் நின்றது.

ஜூல் அதைப் பற்று வரவாகப் பார்த்தார். ஒருவன் கையால் சக்கரம் சுற்றுகிறான். அதனால் கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. அந்தச் சுருள் மூழ்கியிருக்கும் தண்ணீர் சூடேறுகிறது. இங்கே நெருப்பும் இல்லை, பாட்டரியும் இல்லை. வேறெங்கிருந்தும் உஷ்ணம் ஓடிவரவில்லை. செலவானது கையின் உழைப்பு, வரவானது உஷ்ணம். அப்படியானால் எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு உஷ்ணம் என்று ஒரு மாற்று விகிதம் இருந்தாக வேண்டும், வெள்ளிக்கும் ரூபாய்க்கும் இருப்பதைப் போல! நாணய விகிதம் நாளுக்கு நாள் மாறும். இது மாறக் கூடாது.

1843 ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் பிரிட்டிஷ் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் கூடியபோது, ஜூல் அந்த விகிதத்தை அறிவித்தார். ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்கும் உஷ்ணம், 838 ராத்தல் பாரத்தை ஓர் அடி தூக்கும் வேலைக்குச் சமம் என்றார். கூட்டத்தில் ஆதரித்தவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை. மறுப்பை விட மௌனம் கொடியது என்பதைச் சரக்கு எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கியவர் அறிவர்.

ஊர் திரும்பியவர் விகிதத்தை வேறு வழிகளில் சோதித்தார். மெல்லிய துவாரங்களின் வழியே தண்ணீரை அழுத்திப் பார்த்தார், 770 வந்தது. காற்றை அழுத்திச் சூடேற்றிப் பார்த்தார், 798 வந்தது. அந்தக் காற்றுக் கட்டுரையை 1844-ல் ராயல் சங்கத்துக்கு அனுப்ப, அதையும் சங்கம் ஏற்கவில்லை. தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்ததில் 1845-ல் 890 வந்தது. எண்கள் இப்படி ஏறியும் இறங்கியும் இருந்ததை அவர் ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் அச்சிட்டார். எண்கள் வேறுபட்டாலும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றியே நிற்கின்றன என்பதே அவருடைய வாதம். நான்கு வேறு தராசில் நிறுத்தும் ஏறக்குறைய ஒரே எடை வந்தால், தராசுகளில் குற்றம் இருக்கலாம், சரக்கு இருப்பது மெய்தானே?

அவர் துடுப்பு யந்திரத்தைப் பற்றிச் சற்று நிதானித்துச் சொல்லாமல் செல்ல நமக்கு மனமில்லை. செம்பாலான ஒரு பாத்திரம். அதில் சுமார் 14 ராத்தல் தண்ணீர். நடுவே பித்தளைத் துடுப்புகள் பொருத்திய தண்டு. தண்டைச் சுற்றிய நூல் இருபுறமும் கப்பிகளின் மேல் சென்று, ஒவ்வொன்றும் சுமார் 29 ராத்தல் உள்ள இரண்டு ஈயக் குண்டுகளைத் தாங்கி நிற்கும். குண்டுகள் ஐந்தடிக்குச் சற்றே அதிகமான உயரத்திலிருந்து மெல்ல இறங்கும்போது துடுப்பு சுழன்று தண்ணீரைக் கலக்கும். குண்டுகளை மேலே ஏற்றி மறுபடி இறக்க வேண்டும். இப்படி இருபது தடவை செய்தால் தண்ணீர் எவ்வளவு சூடேறும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் அரை டிகிரி!

அந்த அரை டிகிரியை அளப்பதில்தான் அவருடைய தொழிற்பழக்கம் கைகொடுத்தது. மாஞ்செஸ்டரில் கருவி செய்யும் டான்சர் என்பவரைக் கொண்டு உஷ்ணமானிகள் செய்வித்து, ஒரு டிகிரியில் இருநூற்றில் ஒரு பங்கு வரை வாசித்தார். பார்த்துக்கொண்டிருப்பவரின் உடற்சூடு தண்ணீரில் ஏறிவிடக் கூடாதென்று பாத்திரத்துக்கும் தமக்கும் நடுவே மரத்தட்டி ஒன்றை நிறுத்தினார். அறையின் காற்று கொடுத்த சூடு இவ்வளவு, கப்பியின் உராய்வில் போனது இவ்வளவு, குண்டு தரையைத் தொடும் வேகத்தில் வீணானது இவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து கழித்தார். கணக்கப்பிள்ளைகள் கூலி, வண்டிச் சத்தம், தேய்மானம், சேதாரம் என்று கழித்துக்கொண்டு வந்து நிகர ஆதாயத்தைக் காட்டுவார்களே, அதே முறை. தண்ணீரை வைத்து மட்டும் நாற்பது தடவை. பிறகு பாதரசத்தில், பிறகு வார்ப்பிரும்பை ஒன்றோடொன்று தேய்த்து. ஒரு காசு உபகாரச் சம்பளம் இல்லாமல் இத்தனையும் சொந்தக் கைமுதலில்.

இதற்கிடையே 1847 ஏப்ரல் 28-ந் தேதி மாஞ்செஸ்டரில் ஒரு மாதா கோயிலின் வாசகசாலையில், சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி தமது கொள்கை முழுவதையும் சொற்பொழிவாகச் செய்தார். ஊர்ப் பத்திரிகை ஒன்று அதில் சில பகுதிகளை மட்டும் போடுவதாகச் சொல்லிற்று. தமையன் பெஞ்சமின் மற்றொரு பத்திரிகையில் சங்கீத விமரிசனம் எழுதுபவர். அவர் முயற்சியால் அப்பத்திரிகை சொற்பொழிவை முழுமையாக வெளியிட்டது. பௌதிகத்தின் மிகப் பெரிய விதிகளில் ஒன்று, சக்தி அழிவதில்லை உருமாறுவதே உண்டு என்பது, இவ்வாறு தமையனின் தயவில் ஒரு ஊர்ப் பத்திரிகையில் விரிவாக வெளிவந்தது.

அவ்வாண்டு ஜூனில் ஆக்ஸ்போர்டில் விஞ்ஞானச் சங்கம் கூடியது. ஜூலின் முறை வந்தபோது, நேரமில்லை, சுருக்கிச் சொல்லும்படி தலைவர் பணித்தார். அவரும் சுருக்கிச் சொன்னார். வழக்கம்போலக் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். ஆனால் அங்கே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் இருந்தார். இருபத்து மூன்றாவது வயதை எட்டிக்கொண்டிருந்த வாலிபர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பட்டம் பெற்றவர். இவர் சொல்வது தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியே கேட்டவர், கேட்கக் கேட்க அதில் பெரிய உண்மை இருப்பதை உணர்ந்தார். கூட்டம் முடிந்ததும் தேடிச் சென்று பேசினார். முழுமையாக ஒப்புக்கொள்ளத் தாம்சனுக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. எனினும் பேராசிரியர் ஒருவர் தொழிற்சாலைக்காரரின் பேச்சைத் தேடி வந்து கேட்டது அன்றுதான்.

ஆகஸ்டு மாதம் ஜூலுக்கு அமீலியா என்ற பெண்மணியுடன் திருமணம் நடந்தது. புதுத் தம்பதிகள் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சென்றிருந்தபோது, தற்செயலாகத் தாம்சனும் அங்கே நடைப்பயணம் வந்தார். எதிரே நீண்ட உஷ்ணமானியைக் கையிலேந்தி மாப்பிள்ளை நடந்து வருகிறார். மணப்பெண் சற்றுத் தூரத்தில் வண்டியில்! உயரத்திலிருந்து விழும் அருவி நீர் கீழே சற்றுச் சூடாக இருக்க வேண்டும் என்பது ஜூலின் கணக்கு. நயாகராவின் 160 அடி வீழ்ச்சிக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு டிகிரி என்று முன்பே எழுதியிருந்தார். இருவரும் ஓர் அருவியில் அளந்து பார்க்க முயன்றனர். நீர் பாதி வழியிலேயே திவலையாகச் சிதறிவிட்டதால் அளக்க முடியவில்லை. தாம்சன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன இக்கதையில் கொஞ்சம் சுவை கூட்டியிருக்கலாம் என்பாரும் உண்டு. நாம் கேட்டபடி சொல்லிவிட்டோம்.

1849-ல் ஜூல் தமது முடிவான கணக்கை எழுதினார். மைக்கேல் பாரடே அதை ராயல் சங்கத்தின் முன் வைத்தார்; அவரும் புத்தகம் கட்டும் தொழில் கற்று வந்தவர். விகிதம் 772. அதாவது ஒரு ராத்தல் நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்கும் உஷ்ணமும், 772 ராத்தலை ஓர் அடி தூக்கும் உழைப்பும் ஒன்றே. இம்முறை சங்கம் அச்சிட இசைந்தது, ஆனால் ஒரு நிபந்தனையுடன். உராய்வு என்பதே வேலை உஷ்ணமாக மாறுவதுதான் என்று ஜூல் எழுதியிருந்த மூன்றாவது முடிவை எடுத்துவிட வேண்டும் என்று கட்டுரையைப் பார்வையிட்டவர் சொன்னார். அவருடைய பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் சாரமே அந்த ஒரு வாக்கியம். எண்கள் இருக்கட்டும், அர்த்தம் வேண்டாம் என்பதுபோல் இருக்கிறது நமக்கு! ஜூல் இணங்கினார். எண்கள் அச்சேறிவிட்டால் அர்த்தம் தானே வரும் என்று எண்ணினாரோ என்னவோ. அடுத்த ஆண்டே அவரைச் சங்கத்தின் அங்கத்தினராக்கினார்கள்.

இந்த விகிதத்தை நமது கிட்டங்கிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 50 கிலோ அரிசி மூட்டையை மூன்று மீட்டர் உயரப் பரணில் ஏற்றும் வேலை, இன்றைய அளவில் சுமார் 1,470 ஜூல். நாற்பது கலோரி என்று அச்சிட்ட ஒரு பிஸ்கட்டில் அடங்கியிருப்பதோ ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம் ஜூல். கணக்குப்படி ஒரு பிஸ்கட்டுக்கு நூறு மூட்டைக்கு மேல் ஏற்றலாம்! ஏன் முடியவில்லை? நமது உடல் உண்டதில் அதிகம் போனால் கால் பங்கையே வேலையாக்குகிறது, மிச்சமெல்லாம் சூடாகிறது. மூட்டையோடு தன் உடம்பையும் அல்லவா ஆள் மேலே தூக்கிச் செல்கிறான்! வேர்த்து நிற்பவனைப் பார்க்கும்போது, காணாமற்போன முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

உடலைப் பற்றிய இதே கேள்வி நமக்கு அண்டைப் பிரதேசமான ஜாவாவில் ஒருவருக்கு உதித்தது என்பதையும் சொல்லவேண்டும். 1840-ல் டச்சுக் கப்பலில் வைத்தியராக வந்த ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானியர், சுரபாயா துறைமுகத்தில் மாலுமிகளுக்கு இரத்தம் எடுத்தபோது, சிரை இரத்தம் ஐரோப்பாவில் இருப்பதை விட நல்ல சிவப்பாக இருக்கக் கண்டார். உஷ்ணப் பிரதேசத்தில் உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை என்று யோசித்து, அதிலிருந்து உழைப்புக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள சம்பந்தத்துக்குப் போய், 1842-ல் எழுதி வெளியிட்டார். ஜூல் அதை அறியார். பின்னர் யார் முந்தி என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. யோசனையில் மேயர் முந்தியவர். அளந்து நிலைநாட்டியவர் ஜூல். நமது அபிப்பிராயம் இதுவே. ராயல் சங்கமும் தனது உயரிய காப்ளி பதக்கத்தை 1870-ல் ஜூலுக்கும் மறு ஆண்டில் மேயருக்கும் கொடுத்தது.

1854-ம் ஆண்டு ஜூலுக்குக் கொடிய ஆண்டு. மனைவி அமீலியா காலமானார். பிறந்த குழந்தையொன்றும் தங்கவில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்கள் எஞ்சினர். குடும்பத் தொழிற்சாலையும் அந்நாளில் விற்கப்பட்டது. அதன் பிறகும் தாம்சனுடன் சேர்ந்து 1862 வரை செய்த வேலை பெரிது. அழுத்திய காற்றை நுண்துளைகளின் வழியே விரியவிட்டால் அது குளிர்கிறது என்பதை இருவரும் காட்டினர். பிற்காலத்தில் காற்றையே திரவமாக்கும் ஆலைகள் இதைக் கொண்டே எழுந்தன.

கையிலிருந்த முதல் கரைந்துகொண்டே வந்தது. ஆராய்ச்சிக்குச் செலவிடுவதே அன்றி அதிலிருந்து சம்பாதிக்கும் வழியை அவர் தேடவில்லை. 1878-ல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அதே காலத்தில், அறுபதை நெருங்கிய வயதில், பழைய துடுப்பு யந்திரத்தைத் திருத்தி மறுபடியும் அளந்தார், 772.55 வந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த ரோலண்ட் என்பவர், பாதரச உஷ்ணமானியின் சிறு பிழையை நீக்கி அளந்தபோது எண் இன்னும் சற்று உயர்ந்தது. இன்று நாம் கொள்ளும் மதிப்பு 778-க்குச் சற்று மேல். நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை.

ஜூல் 1889 அக்டோபர் 11-ந் தேதி, மாஞ்செஸ்டருக்கு அருகில் சேல் என்ற ஊரில் காலமானார். வேலையை அளக்கும் அலகுக்கு அவர் பெயரைச் சூட்ட மின்சார நிபுணர்களின் சர்வதேச மாநாடு அதே ஆண்டில்தான் தீர்மானித்திருந்தது. அவரை அடக்கம் செய்த புரூக்லாண்ட்ஸ் மயானத்தில், கல்லின் மேல் 772.55 என்ற எண்ணையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.